திலகவதி மிஸ்ஸின் மாமியார்

திலகவதி மிஸ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது இரத்தம் எடுக்க ஒரு பெரியவரின் கையில் ஊசியைச் செலுத்தியிருந்தேன். சட்டைப் பையில் கைபேசி நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. ஊசி உள்ளே இருக்கும்போது தொலைபேசியைத் தொடக்கூடாது என்பது மிஸ் போட்ட சட்டம். அதனால் தொடவில்லை. குழாய் நிரம்பிய பிறகு பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு எடுத்தேன். மிஸ்ஸின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சிவா. குளிச்சிட்டு வந்து கதிரையில உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்றார். என் முகத்தைப் பார்த்த பெரியவர் பயந்துவிட்டார். "என்ன தம்பி, ரத்தத்துல ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா, உங்க ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று பரிசோதிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். மிஸ் கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

கருமாதி அன்று கொடுக்கும் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி தம்பி கேட்டார். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. பதுளையில் இரத்தம் பார்க்க மிஸ்ஸிடம் கையை நீட்டாத குடும்பம் குறைவு என்பதால், இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவருடைய சுத்தமும் தெரியும், அவருடைய வாயும் தெரியும். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். எழுதியது யாரோ ஒருவரைப் பற்றியதாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

மிஸ்ஸின் வீட்டார் பதுளையில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருந்தவர்கள். அவர் மட்டும் கடைக்குப் போகாமல், கொழும்பில் ஆய்வுகூடப் படிப்பைப் படித்துவிட்டு வந்து, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு அறைகளை எடுத்துத் தன் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். நான் அங்கே வேலை கேட்டுப் போனபோது விலாசத்தில் பதுளை என்று மட்டும் போட்டிருந்தேன். "பதுளையில எங்க?" என்றார். "கொஞ்சம் தள்ளி மிஸ்" என்றேன். "கொஞ்சம் தள்ளின்னா ஸ்பிரிங்வெளித் தோட்டமா? அதைச் சொல்றதுக்கு ஏன் தொண்டை அடைக்குது?" என்றார். வேலை கொடுத்தார். தொண்டை அடைப்பு மட்டும் போகவில்லை. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் இரத்தம் கொடுக்க வந்தால் நான் நிமிர மாட்டேன். நிமிர்ந்தால், "நீ மூணாம் லயத்து ராமாயி மகன்தானே?" என்று, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் பெயரோடு யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். கையைப் பார்ப்பேன், நரம்பைப் பார்ப்பேன், குழாயைப் பார்ப்பேன். நான் வேலையில் கவனமானவன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மிஸ்ஸின் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமே செய்துகொள்ளாதவருக்கு மாமியார் ஏது என்று கேட்பீர்கள். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை வேலை வாங்குகிற ஹோர்மோன் ஒன்று உண்டு. அறிக்கையில் டி.எஸ்.எச். என்று இருக்கும். சுரப்பி சோம்பிக் கிடந்தால் இது கூடும். இரத்தத்தில் இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்குத்தான் அது இருக்கும் என்பதால், அதை மட்டும் தேடிப் பிடிப்பதற்கென்றே உண்டாக்கிய பிறபொருளெதிரி என்ற புரதம் சின்னச் சின்னப் போத்தல்களில் கொழும்பிலிருந்து வரும். அதற்குத்தான் மிஸ் வைத்த பெயர் மாமியார். "ஆயிரம் பேர் கூடுன கல்யாண வீட்டுலயும் மருமக எங்க நிக்கிறான்னு கண்டுபிடிச்சிடுவா பாருங்க, அவதான் இது" என்பார். "மாமியார் ஒரு பக்கம் பிடிச்சுக்குவா. நாத்தனார் வந்து மறுபக்கம் பிடிச்சுக்கிட்டு லைட் அடிப்பா. எவ்வளவு வெளிச்சம்னு மெஷின் பாத்துச் சொல்லும்." எனக்கு அந்தப் பரிசோதனையை அவர் விளக்கியது இவ்வளவுதான். பிறகு படித்த புத்தகங்கள் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"மாமியார் கொடுமை தெரியாதவங்கதான் மாமியாரைக் கொண்டாடுவாங்க" என்று கீழே மருந்துக் கடைக்காரர் கேலி செய்வார். மிஸ் விடமாட்டார். "தெரியாததுனாலதான் மரியாதையா வச்சிருக்கேன்" என்பார். மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. போத்தல்கள் ஐஸ் பெட்டியில் வரும் நாளில் அவரே பஸ் நிலையத்துக்குப் போய் நிற்பார். ஒரு தடவை மின்சாரம் போய் நெடுநேரம் வரவில்லை. நான் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ஓடி, அங்கேயிருந்த குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். மிஸ் பின்னாலேயே வந்து திறந்து பார்த்தார். "மாமியாரைத் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்துலயா உக்கார வச்சீங்க? மேல் தட்டுல உறைஞ்சு போயிடுவா. கீழ எறக்குங்க" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கடைக்காரர் தன் வீட்டு மாமியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். இதை மிஸ் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு நின்ற கதையை இனிச் சொல்கிறேன்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முத்துலெட்சுமி என்றொரு பெண் எங்களிடம் வரத் தொடங்கினார். கொழுந்து பறிப்பவர். வயிற்றில் குழந்தை. முதல் குழந்தை தங்காமல் போயிருந்தது. தைரொயிட் சோம்பலாக இருந்ததால் மாத்திரை கொடுத்து, மாதந்தோறும் டி.எஸ்.எச். பார்த்துக்கொண்டு வரும்படி டொக்டர் சொல்லியிருந்தார். முதல் மாதம் கூடுதலாக இருந்தது. அடுத்த மாதம் சரியான அளவின் அடிவிளிம்புக்கு இறங்கியிருந்தது, மாத்திரை அதிகமாகிவிட்டதென்று டொக்டர் குறைத்தார். அதற்கடுத்த மாதம் எகிறியது, கூட்டினார். மறுபடி இறங்கியது, குறைத்தார். ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

மிஸ்ஸுக்குத் தூக்கமில்லை. "மாமியாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். போத்தல்கள் வழியில் சூடாகியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, கொழும்பு முகவரைத் தொலைபேசியில் காய்ச்சி எடுத்தார். அங்கிருந்து ஒருவர் வந்து, அளவு தெரிந்த மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் வரவேண்டிய இடத்தில் வந்தன. "மிஸ், உங்க பிறபொருளெதிரியில ஒரு குறையும் இல்ல" என்றார். மிஸ் நம்பவில்லை. வேறு தொகுதிப் போத்தல்கள் அனுப்பச் சொன்னார். அதிலும் ஊஞ்சல்தான். போத்தலை மாற்றினோம், குளிர்ப்பெட்டியை மாற்றினோம், மெஷினைக் கழுவினோம். கையை நீட்டியது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆறாம் மாதத்தில் அந்தக் குழந்தையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் முத்துலெட்சுமிக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. இரத்த வகையை அவர்கள் எப்போதும்போல் தாங்களே பார்த்தார்கள். ஓ என்று வந்தது. முன்பு ஒரு தடவை நாங்கள் பார்த்துக் கொடுத்த அறிக்கையில் பி என்று இருந்தது. மிஸ்ஸுக்குத் தெரிந்த ஒருவர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மிஸ் தொலைபேசியை வைத்துவிட்டு அந்தப் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தார். இரத்த வகையைக் காட்டுவதும் பிறபொருளெதிரிதான், அதுவும் மாமியார் குடும்பம்தான். மாமியார் குடும்பமே சேர்ந்து பொய் சொல்லுமா?

மறுநாள் முத்துலெட்சுமியின் பழைய அறிக்கைகளின் பிரதி கேட்டு ஓர் இளம்பெண் வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் துணிக்கடையின் சீருடை போட்டிருந்தார். மிஸ் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். நானும்தான்.

"நீங்க யாரு?"

"தங்கச்சிங்க மிஸ். விஜயா."

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கேன் மிஸ். அக்கா பேர்ல." அவர் மறைக்கவே இல்லை. "மசக்கையில அந்த ரோட்டுல பஸ்ல வந்தா அக்காவுக்குக் கொடலே வெளிய வந்துடும். வந்தாலும் ஒரு பேர் போயிடும். அக்காவால வர முடியாதப்ப நான் சாப்பாட்டு நேரத்துல கடையில இருந்து வந்து குடுத்துட்டுப் போவேன். ஒரே ரத்தந்தானே மிஸ்?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. அந்தப் பேருக்காக இந்தப் பேரை மாற்றிச் சொன்னதில் விஜயா ஒரு தப்பையும் காணவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கு ஒரே இரத்தம் என்றுதான் நாமெல்லோரும் சொல்லி வளர்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். மிஸ்ஸின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்கு ஏதோ புரிந்தது. "ஏன் மிஸ்? ஏன் அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்வாங்கினார். மிஸ் எழுந்து போய்ப் பிடிப்பதற்குள் படியிறங்கி ஓடிவிட்டார்.

விஜயாவின் இரத்தத்தில் குறையில்லை. குறையில்லாத அந்த இரத்தத்தை வைத்து அக்காவின் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். குழந்தை போனது அதனால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று நினைவுக்கு வந்தது கைகள். கொழுந்து பறிக்கிறவளின் கை எனக்குத் தெரியாதா? என் அம்மாவின் கை அது. முழங்கை வரை தேயிலைச் செடியின் வாது கிழித்த கீறல், விரலில் போகாத கறை. மற்றது நகத்துக்குச் சாயம் பூசிய துணிக்கடைக் கை. இரண்டையும் மாறி மாறிப் பிடித்து ஊசி போட்டவன் நான். முகத்தைத்தான் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன் என்று பெருமைப்பட்டேனே, அதுவும் பொய்.

சில நாட்களில் மடுல்சீமையிலிருந்து வந்த ஓர் அம்மா சொன்னார்: "அந்தப் புள்ள வெசயா வேலைக்குப் போறதில்லீங்க. அக்கா புள்ளைய நாந்தான் கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டு, சோறு தண்ணி இல்லாம அடுப்படியில கெடக்கு." மிஸ் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை போறோம்" என்றார். போறேன் என்று சொல்லவில்லை.

ஓட்டோ பாதிப் பாதையில் நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தோம். மிஸ் கஞ்சி போட்ட சேலையும் நகரத்துச் செருப்புமாக இரண்டு தடவை வழுக்கி, இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டினார். லயத்தில் பக்கத்துக் காம்பராவிலிருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வாங்கிப் போட்டார்கள். "முட்டி வலி, நான் உக்காந்துதான் பேசுவேன்" என்று மிஸ் உட்கார்ந்தார். முத்துலெட்சுமியின் தாய் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். முத்துலெட்சுமி சுவரோடு சாய்ந்து நின்றார். மிஸ் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார்: "எங்க மேலதான் தப்புங்க மிஸ். பொய்ப் பேர் குடுத்தது நாங்கதானே. உங்க எடத்துக்குக் கெட்ட பேர் வந்துடுச்சா?"

நஷ்டம் அவர்களுடையது. கெட்ட பேர் வந்ததா என்ற கவலையும் அவர்களே பட்டார்கள். எனக்கு அந்த மண் தரையில் நிற்க இடமில்லை.

மிஸ் அடுப்படிப் பக்கம் திரும்பினார். உள்ளே இருட்டு. விஜயா வெளியே வரவில்லை. "விஜயா, வரவேண்டாம். அங்க இருந்தே கேளுங்க" என்று, ஆய்வுகூடத்தில் எங்களை விரட்டுகிற அதே குரலில் சொன்னார். "தெரிஞ்சு சொன்னாத்தான் பொய். நீங்க ஒரே ரத்தம்னு நம்பிச் சொன்னீங்க. அது இல்லைன்னு படிச்சவ நான். ரெண்டு பேரு ஒரே பேர்ல என் முன்னாடி வந்து உக்காந்தீங்க. ஒருத்தர் சேலை, ஒருத்தர் கடை உடுப்பு. நான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். பார்க்கல. இந்தத் தப்பு எனக்குச் சொந்தம். அதை நீங்க எடுத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தா எனக்கு அது திருட்டு மாதிரி இருக்கு. குடுத்துடுங்க."

பிறகு உள்ளேயிருந்து அழுகை கேட்டது. தாயும் முத்துலெட்சுமியும் உள்ளே போனார்கள். நாங்கள் புறப்படும்போது விஜயா கதவுக்குப் பின்னால் வந்து நின்றார், கையில் பாதிச் சோற்றோடு ஒரு தட்டு. மிஸ் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

திரும்பும் வழியில் ஓட்டோவில் நான், "மிஸ், ஊசி போட்டது நான்தானே" என்றேன். "தெரியும்" என்றார். "ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது." பசறை தாண்டியும் நான் தலையைக் குனிந்தபடியே இருப்பதைப் பார்த்து எரிச்சலோடு சொன்னார்: "குனிஞ்சுக்கிட்டே இருக்கிறது வெக்கம் இல்ல சிவா. அது ஒளியுறது. நெசமா வெக்கப்படுறவன் நிமிர்ந்து பார்ப்பான், யாருக்குச் செஞ்சோம்னு." மறுநாள் காலையில் அவர் செய்த முதல் வேலை கொழும்பு முகவரைக் கூப்பிட்டது. "தம்பி, மாமியார் நல்லவதான். நாங்கதான் சரியில்ல" என்று மன்னிப்புக் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்தில் யார் பெயரையும் நாங்கள் வாசிப்பதில்லை. "உங்க பேர் என்னங்க?" என்று கேட்க வேண்டும். அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். இது உலகத்தில் எல்லா ஆய்வுகூடத்திலும் உள்ள விதிதான், நாங்களும் படித்ததுதான். மிஸ் போட்ட புது விதி அதில் கடைசிப் பாதி. முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பின்னாலிருந்து குரல் வரும்: "சிவா, அவங்க பேரு மேசையிலயா எழுதியிருக்கு?" நான் பழகிக்கொண்டேன். ஸ்பிரிங்வெளிக்காரர்கள் வந்தால் நானே முந்திக்கொண்டு, மூன்றாம் லயத்து ராமாயி மகன் என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். என் வெட்கம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

மரண வீட்டில் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கொடிகள் நனைந்து தொங்கின. முற்றத்து ஓரத்தில், யாரோடும் சேராமல், சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றார். எங்கோ பார்த்த சாயல். குடையை நீட்டப் போனவன் அவர் கையைப் பார்த்தேன். முழங்கை வரை தேயிலைக் கீறல், விரலில் கறை. அடையாளம் கண்டுகொண்ட பெருமையோடு, "முத்துலெட்சுமி, வாங்க. அவ்வளவு தூரத்துல இருந்து வந்தீங்களா?" என்றேன்.

"இல்லீங்க சேர்" என்றார் அவர். "நான் விஜயா. துணிக்கடைய மூடிட்டாங்க. இப்ப நானும் தோட்டத்துலதான் பேர் போட்டிருக்கேன். அக்காவுக்குக் காய்ச்சல், வரமுடியல."

குடையை அவர் கையில் கொடுத்தேன்.

"மிஸ்ஸுன்னா பாத்த ஒடனே சொல்லிடுவாங்க" என்றார், புருவத்துக்கு மேலிருந்த ஒரு சின்னத் தழும்பைத் தொட்டுக் காட்டி. "பஸ் ஸ்டாண்டுல எத்தன சனத்துக்குள்ள நின்னாலும், விஜயா, சாப்டீங்களான்னு சத்தம் போடுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, என் மேல் இரக்கப்பட்டதுபோல லேசாகச் சிரித்தார். "பரவால்லீங்க சேர். ஒரே ரத்தந்தானே."

என் தலை குனிந்துவிட்டது. மிஸ் சொன்னது நினைவு வந்து நிமிர்ந்தபோது அவர் உள்ளே போய்விட்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

மிஸ்ஸின் ஆய்வுகூடத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாமியார் குளிர்ப்பெட்டியில் கீழ்த் தட்டில் பத்திரமாக இருக்கிறாள், தேடியதைச் சரியாகப் பிடிக்கிறாள். ஆனால் மிஸ்ஸிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்திருப்பது ஒரே ஒரு கேள்விதான்: "உங்க பேர் என்னங்க?" தினமும் காலையிலிருந்து மாலைவரை, வருகிற எல்லோரிடமும், முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். அதை மிஸ்ஸின் வீட்டு வாசலில், விஜயாவிடம் கேட்காமல் விட்டேன்.